நாலாம் நம்பரைத் தொடாதீங்க

ஜூலை 1, திங்கள்

இந்த டைரி ஜனவரியில் உரக்கடைக்காரர் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு பூச்சிமருந்து விளம்பரம் இருக்கும். ஆறு மாதமாகத் தையல் மிஷினின் ஆடுகிற காலுக்கு முட்டுக்கொடுத்துக் கிடந்தது. இன்றுதான் அதற்குப் பதவி உயர்வு.

காரணம், தேனியில் பிசியோதெரபி பார்க்கும் நஸ்ரின் மேடம். "பால்ச்சாமி அண்ணா, நீங்க வாயால சொல்றத இனிமே நான் நம்ப மாட்டேன். பிரகதி தினமும் என்ன பயிற்சி பண்ணுறா, எத்தனை தடவ பண்ணுறான்னு எழுதிக் கொண்டாங்க" என்று சொல்லிவிட்டார்.

நான் பத்தாம் வகுப்பு, இரண்டாவது முயற்சியில் தேர்ச்சி. அதன்பிறகு எழுதியதெல்லாம் அளவு நோட்டுதான். 'மார்பு 36, இடுப்பு 32, பின்கழுத்து 8' என்பதுதான் என் நடை. விஜயராணி லேடீஸ் டைலர்ஸ் என் கடை. போர்டில் டைலர்ஸ் என்று பன்மையில் இருக்கும். உள்ளே இருப்பது நான் ஒருவன்தான். விஜயராணி என் மனைவி. அவளுக்குப் பட்டன்கூடத் தைக்கத் தெரியாது.

எழுதச் சொன்னதை எழுதிவிடுகிறேன். மகள் பிரகதி, எட்டாம் வகுப்பு. பிறக்கும்போது தோள் சிக்கி, இடது கைக்குப் போகும் நரம்பு இழுபட்டுவிட்டது. விரல் வேலை செய்யும், பிடி இரும்பு. ஆனால் கை தோளுக்கு மேலே ஏறாது. உள்ளங்கையை முழுசாக மேலே திருப்ப வராது. முழங்கை கொஞ்சம் மடங்கியே நிற்கும்.

இன்றைய அளவு: வலது கை 18½ இஞ்ச், இடது கை 17½. ஒரு இஞ்ச் வித்தியாசம். என் தையலில் அது யார் கண்ணுக்கும் தெரியாது. சட்டையின் இடது தோளில் உள்ளே துணி வைத்து ஒரு சின்னத் தடிப்பு, கையில் உள்ளே ஒரு மடிப்பு, அவ்வளவுதான். போன வருடம் அவள் வகுப்பு டீச்சரே, "பிரகதிக்குக் கையில பிரச்சினையா? நான் கவனிச்சதே இல்லையே" என்றார். அன்றைக்கு எனக்கு நானே டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

பயிற்சி: சுவரில் விரலால் ஏறுதல் 20 தடவை. தையல் சாக்பீஸால் கோடு போட்டிருக்கிறேன். கம்பு தூக்குதல் 15. துண்டு முறுக்குதல் 10.

ஜூலை 3, புதன்

பயிற்சி: எல்லாம் செய்தாள். கோடு ஏறவில்லை, இறங்கவும் இல்லை.

ஜூலை 5, வெள்ளி

சாயங்காலம் கடைக்கு வந்து ஒரு தாளை மிஷின் மேல் வைத்தாள்.

"அப்பா, கையெழுத்து."

"எதுக்கு?"

"கபடி டீம்."

"செஸ் டீம் இல்லையா?"

"செஸ்ல யாரையும் பிடிச்சு இழுக்க முடியாதுப்பா."

அவளைத் தேர்ந்தெடுத்தது விளையாட்டு டீச்சர் அமுதவல்லி. பள்ளிக்கூட மைதானத்தில் பிரகதி தன் தோழி ஜெனிபரின் மணிக்கட்டை இடது கையால் பிடித்திருக்கிறாள். மூன்று பிள்ளைகள் சேர்ந்து இழுத்தும் பிரிக்க முடியவில்லையாம். டீச்சர் அப்போதே பெயரை எழுதிக்கொண்டார். சுற்றுவட்டாரப் பள்ளிகள் மோதும் குறுவட்டப் போட்டி ஆகஸ்ட் ஏழாம் தேதி.

படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். பொறுப்பான தகப்பன் அப்படித்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சி: சொல்லாமலே செய்தாள். 30 தடவை.

ஜூலை 8, திங்கள்

படிவத்தைக் காணவில்லை. கடையில் தேடினேன், வீட்டில் தேடினேன். பிரகதி பள்ளியில் இன்னொன்று வாங்கி வந்தாள்.

ஜூலை 9, செவ்வாய்

இரண்டாவது படிவத்தையும் காணவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஜூலை 10, புதன்

விஜயராணி கடைக்கு வந்தாள். பட்டன் தைக்கத் தெரியாதவள் நேராக மிஷின் டிராயரைத் திறந்தாள். பாபின்களுக்கு அடியில் முதல் படிவம், எட்டாக மடித்து. குப்பைக்கூடையில் இரண்டாவது.

"ஏங்க, இதுல என்ன யு நெக் வெட்டிருக்கு?"

அவசரத்துக்கு ஒரு கழுத்து வடிவம் வெட்டப் பேப்பர் தேடினேன், கைக்குச் சிக்கியது அதுதான் என்றேன். அது உண்மையும்கூட.

"பதினாறு வருசமா லேடீஸ் டைலர். இப்பத்தான் பேப்பர் வச்சுக் கழுத்து வெட்டிப் பழகுறீங்களாக்கும்?"

நஸ்ரின் மேடத்துக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். மேடம் சொன்னது: "விளையாடலாம் அண்ணா. விளையாடணும். எலும்பு நல்லா இருக்கு, பிடி நல்லா இருக்கு. விழுந்தா எல்லாப் பிள்ளைக்கும் என்ன ஆகுமோ அதுதான் அவளுக்கும் ஆகும்."

கையெழுத்துப் போட்டேன். கொஞ்சம் கோணலாக வந்தது. பேனா சரியில்லை.

ஜூலை 13, சனி

பயிற்சி ஆட்டம் பார்க்கப் போனேன்.

தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். மேடம், உங்களுக்காகத்தான். எதிரணிப் பெண் 'கபடி கபடி' என்று பாடிக்கொண்டு நம் பக்கம் வருவாள். நம் பிள்ளைகள் ஏழு பேரும் கைகோத்து நிற்பார்கள். இதற்குச் செயின் என்று பெயர். அவள் யாரையாவது தொட்டுவிட்டுத் திரும்பி ஓடினால் அவளுக்குப் பாயிண்ட். அமுக்கிப் பிடித்துவிட்டால் நமக்கு.

நடுவில் நிற்பவளுக்கு இரண்டு கையும் மாட்டிக்கொள்ளும். ஓரத்தில் நிற்பவளுக்கு ஒரு கைதான். டீச்சர் பிரகதியை வலது ஓரத்தில் நிறுத்தியிருக்கிறார். இடது கை ஜெனிபரின் கையைப் பிடித்திருக்கும். அதைத் தூக்கவேண்டிய வேலையே இல்லை, பிடித்திருந்தால் போதும். வலது கை சும்மா இருக்கும். வருகிறவளின் கணுக்காலைப் பறிக்க அது போதும். டீச்சர் யோசித்திருக்கும் வெட்டு என்னுடையதைவிடச் சுத்தமாக இருக்கிறது. இதை ஒரு டைலர் ஒப்புக்கொள்வது லேசு இல்லை.

ஆனால் பாடிப் போகும்போது? அப்போது ஏழு பேர் சேர்ந்து இவளை இழுப்பார்கள். எந்தக் கை கிடைக்கிறதோ அதை.

பதினொரு முறை விழுந்தாள். பன்னிரண்டாவது முறை, "மெதுவா!" என்று கத்திவிட்டேன். மைதானமே திரும்பிப் பார்த்தது. கபடியில் அப்படி யாரும் கத்தியதில்லையாம். டீச்சர் வந்து, "அண்ணே, கேட்டுப் பக்கம் உக்காருங்களேன், நெழலா இருக்கும்" என்றார். உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "கேட்டுக்கு வெளிய இன்னும் நல்ல நெழல்" என்றார்.

பயிற்சி: வீட்டில் செய்யவில்லை. மைதானத்தில் செய்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஜூலை 16, செவ்வாய்

மேலப்பட்டிப் பள்ளியின் விளையாட்டு ஆசிரியர் சௌந்தரபாண்டியன் கடைக்கு வந்தார். அவர்கள் பிள்ளைகளுக்கு ரெடிமேடாக வந்த ஜெர்சியில் இரண்டு பிள்ளைகள் சேர்ந்து குடியிருக்கலாம். பக்கவாட்டில் பிடித்துத் தரச் சொன்னார். வருகிற சனிக்கிழமை அவர்களுக்கும் நம் பள்ளிக்கும் நட்புப் போட்டியாம்.

மனிதர் தங்கமானவர். டீ சொன்னேன். பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

பதினான்கு ஜெர்சி. வெள்ளிக்கிழமை தரவேண்டும்.

ஜூலை 18, வியாழன்

நம் பிள்ளைகள் ஜெர்சியும் கடைக்கு வந்துவிட்டது. டீச்சர் முன்பே சொல்லியிருந்தபடி பிரகதிக்கு நம்பர் 4. அவளுடையதில் மட்டும் இடது கையை முழங்கை தாண்டி நீட்டி, தோளில் தடிப்பும் உள்ளே மடிப்பும் வைத்து, இரட்டைத் தையல் போட்டேன்.

"எல்லாருக்கும் அரைக்கை. எனக்கு மட்டும் என்னப்பா முக்கால் கை?"

"அது ஸ்டைல்."

"ஒரு கையில மட்டும் ஸ்டைலா?"

மிஷினை வேகமாக மிதித்தேன். மிஷின் சத்தம் போடும்போது பேச வேண்டியதில்லை என்பது இந்தத் தொழிலின் பெரிய வசதி.

ஜூலை 20, சனி

நட்புப் போட்டி. நாம் ஜெயித்தோம். 31க்கு 19.

இதோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் மேடம் கேட்பார்.

கேட்டுக்கு வெளியே நல்ல நிழலில் நின்று பார்த்தேன். மேலப்பட்டிப் பிள்ளைகள் பாடி வந்தால் இடது பக்கம் போகிறார்கள், நடுவில் போகிறார்கள். வலது ஓரத்துக்கு ஒருத்தியும் வரவில்லை. பிரகதி குனிந்து குனிந்து காத்திருந்தாள், பஸ் வராத ஸ்டாப்பில் நிற்கிற மாதிரி.

பிறகு இவள் பாடிப் போனாள். அப்போதுதான் அந்தக் கூத்து. இவள் ஓரடி வைத்தால் அவர்கள் ஏழு பேரும் ஈரடி பின்னால் போகிறார்கள். இவள் நடுவில் நின்று பாடுகிறாள். சுற்றிலும் ஏழு பேர் கையைத் தூக்கிக்கொண்டு, ஈரப் பெயின்ட் அடித்த சுவரைப் பார்ப்பது போல் நிற்கிறார்கள். பின்கோட்டில் முட்டி நின்ற மூன்று பேரைத் தொட்டுவிட்டு நடந்தே திரும்பி வந்தாள். அடுத்த முறை நான்கு பேர். நம் பிள்ளைகள் குதித்தார்கள். பிரகதி குதிக்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் அவர்களுடைய ஏழாம் நம்பரிடம் நேரே போனாள். ஒல்லியான, துறுதுறுப்பான பிள்ளை. பெயர் வைஷ்ணவியாம். நான் கேட்டுக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றதால் எல்லாம் கேட்டது.

"ஏய், என்னை ஏன் யாருமே பிடிக்கல?"

"எங்க சார்தான் சொன்னாரு. நாலாம் நம்பரைத் தொடாதீங்க, கை கழண்டுரும்னு."

"கழண்டுருமா? அவருக்கு யாரு சொன்னா?"

"ஒங்கப்பாவாம்."

செவ்வாய்க்கிழமை பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தோம் என்று எழுதியிருக்கிறேன். பேச்சுவாக்கில் ஒரு வார்த்தை விழுந்திருக்கலாம். 'எங்க பிள்ளை நாலாம் நம்பரு, இடது கை பிறவியிலயே கொஞ்சம் அப்படி, பிள்ளைகளப் பாத்து விளையாடச் சொல்லுங்க சார்' என்கிற மாதிரி. 'கழண்டுரும்' என்று நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தாலும் ஒரு தடவைதான்.

பிரகதி கம்பியைப் பார்த்தாள். நான் கேட்டின் பூட்டை மிகவும் உன்னிப்பாகப் பார்த்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

பயிற்சி: செய்யவில்லை.

ஜூலை 22, திங்கள்

பயிற்சி: செய்யவில்லை.

என்னிடம் நேராகப் பேசுவதில்லை. "அம்மா, அப்பாகிட்ட சொல்லு, தண்ணி மோட்டார அணைக்கச் சொல்லி." மோட்டார் என் பக்கத்தில், நான் அவள் பக்கத்தில், அம்மா அடுப்படியில்.

ஜூலை 23, செவ்வாய்

பரோட்டா வாங்கி வந்தேன். சாப்பிட்டாள். சால்னா தீர்ந்ததும், "அம்மா, அப்பாகிட்ட சொல்லு, பரோட்டா நல்லா இருந்துச்சு, நான் பேசமாட்டேன்" என்றாள்.

ஜூலை 24, புதன்

அம்மாவிடம் அவள் சொன்னது, நான் பக்கத்து அறையில் கேட்டது:

"குறுவட்டத்துல மொத ஆட்டமே மேலப்பட்டி கூடத்தாம்மா. அவளுக மறுபடி என்னைத் தொடலைன்னா நான் கபடிய விட்டுர்றேன். தொடாம ஜெயிக்கிறதுக்கு நான் எதுக்கு? ஒரு முள்ளுச்செடிய நிறுத்தலாம்ல?"

"அப்பா பயத்துல சொல்லிட்டாருடி."

"அவருக்குப் பயமா இருந்தா அவரு விளையாட வேணாம். நான்ல விளையாடுறேன். அப்பறம், அவரு மேட்ச்சுக்கு வரக்கூடாது. கேட்டுக்கு வெளியயும் வரக்கூடாது."

இவள் விட்டுவிட்டால் நல்லதுதானே என்று ஒரு நிமிடம் தோன்றியது. முழுசாக ஒரு நிமிடம்கூட இல்லை. பரோட்டா வாங்கியதில் மிச்சமிருந்த வெங்காயத்தைக் கொட்டிவிட்டு வந்து பார்த்தால், சுவரில் என் சாக்பீஸ் கோட்டை ஈரத்துணியால் துடைத்திருக்கிறாள்.

ஜூலை 25, வியாழன்

தேனி. மாதாந்திரப் பரிசோதனை. மேடம் பயிற்சியை மட்டும் படிப்பார் என்று நம்பியிருந்தேன். முதல் பக்கத்திலிருந்து எல்லாவற்றையும் படித்தார். யு நெக் இடத்தில் சிரித்தார். 20ஆம் தேதி வந்ததும் சிரிப்பு நின்றது. பிரகதியை வெளியே பந்து அமுக்க அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார்.

"அண்ணா, தையல் தப்பாப் போனா என்ன பண்ணுவீங்க?"

"பிரிச்சுருவேன் மேடம்."

"எங்க இருந்து பிரிப்பீங்க?"

"எங்க தப்பு ஆரம்பிச்சுச்சோ அங்க இருந்து."

"அப்பறம் என்ன என் மூஞ்சியப் பாத்துக்கிட்டு உக்காந்துருக்கீங்க?"

சிவப்புப் பேனாவில் டைரியிலேயே எழுதிவிட்டார். அப்படியே இருக்கிறது, பாருங்கள்:

*நான்கு நாள் பயிற்சி இல்லை. காரணம்: தகப்பனார். அவருக்குத்தான் முதலில் சிகிச்சை தேவை. — ந.*

ஜூலை 27, சனி

கடையில் ஆள் இல்லை. ஆடி மாதம், கல்யாண ஜாக்கெட் கிடையாது. அதனால் எழுதுகிறேன்.

தப்பு எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால், ஜூலை 16இல் இல்லை.

பிரகதி பிறந்தது தீபாவளிக்கு நான்கு நாள் முன்னால். கடையில் நாற்பத்தாறு ஜாக்கெட் பாக்கி. காலையில் மச்சினன் சைக்கிளில் வந்து, "அக்காவுக்கு வலி வந்துருச்சு, வாங்க மாமா" என்றான். "நீ முன்னாடி போ, இந்தக் கொக்கிய மட்டும் வச்சுட்டு வந்துர்றேன்" என்றேன். ஒரு கொக்கி. பிறகு அதே ஜாக்கெட்டில் இன்னொரு கொக்கி. ஒரு ஜாக்கெட்டுக்கு ஐந்து கொக்கி.

நான் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. நாலு கிலோ இருநூறு. பிள்ளை பெருசு என்று எனக்குப் பெருமை. அப்புறம்தான் பார்த்தேன். வலது கை ஆடியது. இடது கை, உள்ளே கை நுழைக்காத சட்டைக் கை மாதிரிக் கிடந்தது.

டாக்டரம்மா உட்கார வைத்துச் சொன்னார். தலை வந்துவிட்டது, தோள் வரவில்லை. நேரமில்லை. அன்றைக்கு அப்படி இழுத்து எடுக்காவிட்டால் பிள்ளையே இல்லை. இழுத்ததால்தான் இருக்கிறாள். அதில் யார் மேலும் தப்பில்லை, நான் இருந்திருந்தாலும் ஒன்றும் மாறியிருக்காது என்றார். தலையாட்டினேன். பதின்மூன்று வருடமாகத் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

அன்றைக்குப் பிறகு அந்தக் கையை யாரையும் இழுக்க விட்டதில்லை. ரோட்டைக் கடக்கும்போதுகூட வலது கையைத்தான் பிடிப்பேன்.

மேடம், இந்தப் பக்கத்தில் பயிற்சி எதுவும் இல்லை. தாண்டிப் போகவும்.

ஜூலை 30, செவ்வாய்

கடையை மதியமே சாத்திவிட்டு மேலப்பட்டி பஸ் ஏறினேன். சௌந்தரபாண்டியன் சாரைத் தனியாகக் கூப்பிட்டு, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் வந்துவிடுவது திட்டம். இரண்டு நிமிட வேலை.

சார் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "டைலரே, நான் சொல்லித்தான் அன்னைக்குத் தொடல. இப்பத் தொடுங்கன்னா, சார் எதுக்கோ ஏத்தி விடுறாருன்னு பிள்ளைக நெனைக்கும். நீங்களே சொல்லிருங்க." விசிலை ஊதினார். பதினான்கு பிள்ளைகள் என் முன்னால் வரிசையாக வந்து நின்றார்கள். எல்லார் மேலும் நான் பிடித்துக் கொடுத்த ஜெர்சி. அளவு சரியாகத்தான் இருந்தது.

இப்படி ஒரு பேச்சை எந்தத் தகப்பனும் பேசியிருக்க மாட்டான்.

"பிள்ளைகளா, எங்க ஸ்கூல் நாலாம் நம்பரு என் மகதான். அவளை நீங்க நல்லாப் பிடிச்சு இழுக்கணும்."

ஏழாம் நம்பர் வைஷ்ணவி கையைத் தூக்கினாள்.

"எவ்வளவு பலமா அங்கிள்?"

"மத்தவங்கள எவ்வளவு இழுப்பீங்களோ அவ்வளவு."

"எந்தக் கைய?"

"எது கிடைக்குதோ அதை."

"கழண்டுருச்சுன்னா?"

"கழண்டுராது. பதிமூணு வருசமா நான் இஞ்ச் டேப் வச்சு அளந்துக்கிட்டு இருக்கேன். ஒரு நூல்கூட அசையல. அன்னைக்கு நான் சொன்னது தப்பு. பயத்துல சொன்னது."

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "அங்கிள், நாங்க இழுத்தா எப்படி இருக்கும்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்து வந்தவன் அங்கேயே நிறுத்தியிருக்கலாம். "காட்டுங்க பாப்போம்" என்றும் சொல்லிவிட்டேன்.

செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டி, கோட்டைத் தாண்டி, 'கபடி கபடி' என்றேன். மூன்றாவது கபடிக்கு வானம் தெரிந்தது. நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வைஷ்ணவி என் கணுக்காலைப் பிடித்தபடி, "அங்கிள், இது பாதி பலந்தான்" என்றாள்.

சௌந்தரபாண்டியன் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "முட்டி பரவாயில்லையா டைலரே?"

ஜூலை 31, புதன்

"ஏங்க நொண்டுறீங்க?" என்றாள் விஜயராணி. பஸ் படியில் வழுக்கிவிட்டது என்றேன். "படியில வழுக்குனா முதுகெல்லாம் செம்மண் எப்படி வரும்?" என்றாள். நான் மிஷினை மிதித்தேன். வலது காலால் முடியவில்லை.

பயிற்சி: மூன்று நாளாகத் திருட்டுத்தனமாகச் செய்கிறாள். சுவரில் பென்சில் கோடு ஒன்று புதிதாக இருக்கிறது. என் பழைய கோடு இருந்த இடத்துக்கு அரை இஞ்ச் மேலே. நான் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. விஜயராணி புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் என்று கட்டிக்கொடுக்க, மூவரும் ஆற்றங்கரைக்குப் போனோம். ரோட்டைக் கடக்கும்போது பழக்கத்தில் அவளுடைய வலது கையைப் பிடிக்கப் போனேன். அதில் தூக்குவாளி இருந்தது. வாளியைப் பிடித்துக்கொண்டு கடந்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். ஆனால் பேசவில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

கேட்டுக்கு வெளியேயும் வரக்கூடாது என்பது உத்தரவு. கேட்டுக்கு உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மைதானத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருந்தது. அதன் பின்னால் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கழுத்தில் இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்துவிட்டேன்.

ஆட்டம் தொடங்கும் முன் மேலப்பட்டிப் பிள்ளைகள் முகம் கழுவத் தொட்டிக்கு வந்தார்கள்.

"அய், கபடி அங்கிள்!"

"அங்கிள், முட்டி சரியாயிருச்சா?"

"அங்கிள், இன்னைக்கும் எங்க கூட விளையாட வாறீங்களா?"

வாயில் விரலை வைத்துக் கெஞ்சினேன். பதினான்கு பிள்ளைகளை எப்படி அடக்குவது? தொட்டிக்கு அந்தப் பக்கம் பாட்டிலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளை நிமிர்ந்தாள். நாலாம் நம்பர்.

என் துண்டைப் பார்த்தாள். டேப்பைப் பார்த்தாள். முட்டியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தாள். பாட்டிலை மூடிக்கொண்டு போய்விட்டாள்.

முதலில் வைஷ்ணவி பாடி வந்தாள். நேராக வலது ஓரம். பிரகதிக்கு முன்னால் வந்து நின்று, வைஷ்ணவி ஒரு நொடி யோசித்தாள். அவளுக்கும் பழைய பயம் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும். பிரகதி சொன்னது தொட்டி வரைக்கும் கேட்டது.

"வாடி. என்ன பாத்துக்கிட்டு நிக்கிற?"

வைஷ்ணவி காலை நீட்டினாள். அந்தக் கால் திரும்பிப் போகவில்லை. இடது கையில் ஜெனிபர், வலது கையில் கணுக்கால். மொத்தச் செயினும் மேலே விழுந்தது. நமக்கு ஒரு பாயிண்ட்.

அவுட் ஆகி வெளியே போன வைஷ்ணவி, அவர்கள் ஒரு பாயிண்ட் எடுத்ததும் மறுபடி உள்ளே வந்தாள். அடுத்து பிரகதி பாடிப் போனாள்.

ஒருத்தியைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். நடுக்கோட்டுக்கு இரண்டடி இருக்கும். வைஷ்ணவி பாய்ந்து கையைப் பிடித்தாள். இடது கையை. இரண்டாவது பிள்ளை இடுப்பை, மூன்றாவது காலை. பிரகதி கோட்டுப் பக்கம் இழுக்கிறாள், அவர்கள் அந்தப் பக்கம் இழுக்கிறார்கள். நடுவில் அந்தக் கை, விறைப்பாக, நேராக. அது அவ்வளவு நேராக நின்று நான் பார்த்ததே இல்லை.

என் வாயில் ஏதோ கசந்தது. டேப்பைக் கடித்துக்கொண்டிருந்தேன். 'மெதுவா' என்ற வார்த்தை 24ஆம் இஞ்சுக்கும் 25ஆம் இஞ்சுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை.

சர்ரென்று ஒரு சத்தம். ஜெர்சியின் இடது கை தோளோடு பிரிந்துவிட்டது. பதினாறு வருடத்தில் என் இரட்டைத் தையல் விட்டது இதுதான் முதல் தடவை. விசில். பிரகதி அவுட்.

மண்ணில் கிடந்தாள். நான் எழுந்துவிட்டேன். துண்டு எங்கே போனதென்று தெரியவில்லை. இடது கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்து, மண்ணைத் தட்டிவிட்டு, கையைப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். ஆட்டத்தில் அவுட் ஆன பிள்ளை அப்படிச் சிரித்து அமுதவல்லி டீச்சர் பார்த்ததில்லையாம்.

தோற்றுவிட்டோம். 27க்கு 29. பிரகதி பிடித்தது ஐந்து பேரை. அவளைப் பிடித்தது நான்கு தடவை.

ஆட்டம் முடிந்து அவள் வைஷ்ணவியிடம் போனாள். நானும் ஒரு பத்தடி தள்ளிப் போனேன்.

"உண்மையச் சொல்லு. எங்கப்பா வந்து சொன்னதுனாலதான் பிடிச்சியா?"

"மொதல்ல ஒன் பக்கம் பாடி வந்தது கொஞ்சம் அப்படித்தான்" என்றாள் வைஷ்ணவி, கணுக்காலைத் தேய்த்துக்கொண்டே. "நீ என் காலப் பிடிச்சு முறுக்குன பாரு, அப்பறம் ஒங்கப்பா கால்ல விழுந்து கெஞ்சிருந்தாலும் விட்டுருக்க மாட்டேன்."

பிரகதி என் பக்கம் திரும்பினாள். பதினெட்டு நாளில் முதல் தடவையாக, இடையில் அம்மா இல்லாமல்:

"அப்பா, நாலு தடவ பிடிச்சாங்க."

"பாத்தேன்."

"வலிச்சுச்சு."

"ம்."

"எல்லாருக்கும் வலிக்கிற மாதிரி வலிச்சுச்சுப்பா."

எனக்கு அந்த நேரம் பார்த்துக் கண்ணில் மண் விழுந்துவிட்டது. மைதானமல்லவா.

ஆகஸ்ட் 8, வியாழன்

பிரிந்த ஜெர்சியை மிஷின் மேல் வைத்தாள்.

"தச்சுக் குடு. ரெண்டு கையும் ஒரே அரைக்கை. உள்ள மடிப்பு, தோள்ல தடிப்பு ஒண்ணும் வேணாம்."

"வித்தியாசம் தெரியுமே."

"தெரியட்டும். ஒரு இஞ்ச்தான?"

மடிப்பைப் பிரித்தேன். தோள் தடிப்பை எடுத்தேன். உள்ளே இவ்வளவு துணியை நான் ஒளித்து வைத்திருப்பது எனக்கே தெரியாது. ஒரு கைக்குட்டை தைக்கலாம்.

பள்ளிக்குப் போகும்போது கூடவே போனேன். ரோட்டைக் கடக்கும்போது அவளாகவே இந்தப் பக்கம் வந்து நின்று கையை நீட்டினாள், இடதை. பிடித்துக்கொண்டேன். லாரி ஒன்று வேகமாக வந்தது, இழுத்துக்கொண்டு கடந்தேன்.

நஸ்ரின் மேடம் பார்வைக்கு:

பயிற்சி: சுவர் 40 தடவை. பென்சில் கோடு இன்னும் கால் இஞ்ச் மேலே.

அளவு: வலது கை 18½. இடது கை 17½, கூடவே முன்கையில் நகக்குறி ஐந்து, விரல் நான்கு, கட்டைவிரல் ஒன்று. நேற்று நான்கு தடவை இழுத்தார்கள். இன்று ஒரு தடவை நான்.

கழன்று வரவில்லை.